டீசல் எளிதில் பற்றாது என்பது தட்டில் இருக்கும் டீசலுக்கு மட்டும்

ஒரு தட்டில் டீசலை ஊற்றி, எரியும் தீக்குச்சியை அதில் போட்டால் குச்சி அணைந்துபோகும். பெட்ரோலில் இதைச் செய்து பார்க்க யாரும் துணியமாட்டார்கள். இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் ‘டீசல் ரயில் கவிழ்ந்தாலும் தீப்பிடிக்காது’ என்ற நம்பிக்கை, ரயிலோடு புழங்குபவர்களிடம்கூட ஊறிப்போயிருக்கிறது. அசையாமல் கிடக்கும் டீசலுக்கு அது பொருந்தும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் கிழியும் டேங்கிலிருந்து சீறி வரும் டீசலை வேறொரு பொருளாகவே கருத வேண்டும். ரயில் விபத்துத் தீயில் உயிர்போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எந்த எரிபொருளும் திரவமாக இருக்கையில் எரிவதில்லை. மேலெழும் ஆவிதான் எரிகிறது. பொறி பட்டதும் ஒரு கணம் பற்றி மறையும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலையை ஃப்ளாஷ் பாயின்ட் என்கிறோம். பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வாக்கில். டீசலுக்கு ஐரோப்பியத் தரவிதி 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. வெளியே 30 டிகிரி என்றால் தட்டில் உள்ள டீசலிலிருந்து எழும் ஆவி பற்றப் போதாது. அதனால்தான் குச்சி அணைகிறது.

இந்தப் பாதுகாப்பு இரண்டு வழிகளில் உடைகிறது. முதல் வழி சூடு. எஞ்சின் எரிக்கும் அளவைவிட அதிகமாகவே பம்பு டீசலை மேலே தள்ளும். மிஞ்சியது, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைத் தொட்டுச் சூடாகி மீண்டும் டேங்குக்கு வரும். டேங்க் நிறைந்திருந்தால் அந்தச் சூடு கரைந்துபோகும். நீண்ட ஓட்டத்தின் கடைசியில், கால் டேங்க் மட்டும் மிச்சமிருக்கும் வெயில் நாளில், டீசலின் வெப்பநிலைக்கும் ஃப்ளாஷ் பாயின்ட்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். பாதி காலியான டேங்க் ஆபத்துக் குறைந்தது என்று எண்ணுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி பனித்துளி போன்ற தூவல். இதுதான் கொடியது. டேங்க் திடீரென நசுங்கும்போது உள்ளே இருக்கும் திரவம் எங்கும் போக முடியாமல், கிழிந்த விளிம்புகளின் வழியே பீறிட்டு வருகிறது. எதிர்க்காற்று அதைச் சிதறடிக்கிறது. துளிகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நுணுகிவிட்டால், டீசலின் வெப்பநிலை 15 டிகிரியாக இருந்தாலும் பற்றும்; ஒரு துளி எரிந்து பக்கத்துத் துளியைச் சூடாக்கி ஆவியாக்க, தீ தாவித் தாவிப் போகும். இந்த நிலையில் டீசலுக்கும் பெட்ரோல் ஆவிக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 840 கிராம். ஒரு கன மீட்டர் காற்றில் 45 கிராம் அளவுக்கு டீசல் தூவல் கலந்தாலே அது எரியக்கூடிய கலவை. அப்படியானால் ஒரு லிட்டரே 18 கன மீட்டர் காற்றைத் தீமேகமாக்கப் போதும். பயணிகள் பெட்டி ஒன்றின் உட்புறம் சுமார் 120 முதல் 150 கன மீட்டர். ஏழெட்டு லிட்டர் தூவலாக உள்ளே புகுந்தால் பெட்டி முழுதும் எரியும் கலவையாகிவிடும். டேங்கிலோ ஆயிரக்கணக்கான லிட்டர். சரக்கு ரயில் இழுக்கும் பெரிய அமெரிக்க டீசல் எஞ்சினில் ஏறத்தாழ 19,000 லிட்டர் கொள்ளும்.

லண்டனின் லாட்புரோக் குரோவில் 1999 அக்டோபர் 5 அன்று நடந்தது இதுவே. சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்த டீசல் பயணிகள் ரயில் ஒன்றும், எதிரே வந்த விரைவு ரயிலும், இரண்டின் வேகத்தையும் கூட்டினால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வரும் வேகத்தில் மோதின. சிறிய ரயிலின் முன்பெட்டி நொறுங்கியபோது அடித்தளத்தில் இருந்த டேங்கும் சிதறியது. காற்றில் பரவிய டீசல் தூவல் பெரும் நெருப்புக்கோளமாக எழுந்தது. விரைவு ரயிலின் ஒரு பெட்டி முழுதும் கருகியது. 31 பேர் இறந்தார்கள், 400க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். குளிரான இலையுதிர் காலக் காலைப்பொழுது அது. ஃப்ளாஷ் பாயின்ட் அன்று யாருக்கும் உதவவில்லை.

தூவலே உண்டாகாமல் தடுக்கும் மருந்தை எரிபொருளில் கலந்தால் என்ன என்று கேட்கலாம். விமானத் துறை இதை முயன்றது. 1984 டிசம்பர் 1 அன்று கலிஃபோர்னியாவில் ஆளில்லாத போயிங் 720 விமானம் ஒன்றை, தூவலாகச் சிதறாத மண்ணெண்ணெய் நிரப்பி, வேண்டுமென்றே தரையில் மோதவிட்டார்கள். அப்போதும் தீக்கோளம் எழுந்தது. தொலைவிலிருந்து இயக்கியதில் விமானம் திட்டமிட்டபடி இறங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் விபத்துகள் என்றைக்குத் திட்டப்படி நடந்தன? ரயிலுக்கும் இதில் பாடம் உண்டு: எரிபொருளை மாற்றி விடிவு தேடுவதைவிட டேங்க் கிழியாமல் பார்த்துக்கொள்வதே கைக்கு எட்டும் வழி.

டேங்க் இருக்கும் இடமே பலவீனம்

டீசல் எஞ்சினில் டேங்க் தொங்குவது இரண்டு போகிகளுக்கு நடுவே, அடிச்சட்டத்தின் கீழே. போகி என்று இங்கே சொல்வது பயணிகள் பெட்டியை அல்ல, சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை. எடையைத் தாழ்வாக வைக்க வேறு நல்ல இடம் கிடையாது. ஆனால் தண்டவாளத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்று கூடுதலான உயரத்தில்தான் டேங்கின் அடிப்பகுதி இருக்கிறது. சக்கரங்கள் தடம்புரண்டு ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் இறங்கிவிட்டால் அந்த இடைவெளியும் போய்விடும். அப்போது எஞ்சினின் முழு எடையும் தண்டவாளத்தின் தலைமேல் டேங்கோடு சேர்ந்து உரசும்.

டேங்க் கிழியும் விதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதுகாப்பை எங்கே வைக்க வேண்டும் என்பது விளங்கும். முறிந்த தண்டவாளத்தின் முனை ஈட்டிபோல் மேலெழுந்து அடித்தகட்டில் குத்துவது ஒன்று. தடம்புரண்ட போகி அளவுக்கு மீறித் திரும்பி, அதன் சட்டமோ சக்கரமோ டேங்கின் முனைத்தகட்டை இடிப்பது இன்னொன்று. எஞ்சின்கள் மடங்கி ஒன்றின்மேல் ஒன்று சாயும்போது, ஒன்றின் கப்ளிங்கோ முன்சட்டமோ மற்றதன் டேங்கில் பக்கவாட்டில் பாய்வது மூன்றாவது. லெவல் கிராசிங்கில் லாரி நேராக டேங்கின் நடுவில் வந்து மோதுவதும் உண்டு. இவற்றோடு, எவரும் கணக்கில் எடுக்காத சிறு காரணம் ஒன்று: ஓடும் ரயிலிலிருந்து கழன்று விழுந்த பிரேக் பாகம் சக்கரத்தில் அடிபட்டுத் தெறித்து அடித்தகட்டைத் துளைப்பது. இதில் விபத்தே நடந்திருக்காது. ஆனால் ரயில் பல கிலோமீட்டருக்கு டீசலைச் சிந்திக்கொண்டே ஓடியிருக்கும்.

அமெரிக்காவில் 1992இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எஞ்சின் டேங்குகளின் உறுதியைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டது. அதன்பின் ரயில் நிறுவனங்களின் சங்கத்தின் பரிந்துரையும், பிறகு புதிய எஞ்சின்களுக்குக் கட்டாய விதியும் வந்தன. விதியின் அமைப்பு மேலே சொன்ன விபத்து வகைகளை அப்படியே பிரதிபலிக்கிறது என்பதால் எனக்கு அதில் மதிப்பு உண்டு. தடம்புரண்டு டேங்கின் முனைத்தகடு தண்டவாளத்தில் அமர்ந்தால், உடற்பகுதியின் பாதி எடையை, இரு மடங்கு புவியீர்ப்பு முடுக்கத்தில் விழுந்ததுபோல், அது தாங்க வேண்டும். எஞ்சின் மடங்கி, டேங்கின் நடுப்பகுதி தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தாலும் தாங்க வேண்டும். 36 டன் லாரி பக்கவாட்டில் மோதுவதைக் கணக்கில் கொண்டு, தண்டவாளத்துக்கு மேல் 76 சென்டிமீட்டர் உயரத்தில் சுமார் 90 டன் விசையைத் தாங்க வேண்டும். பக்கங்களும் அடிப்பகுதியும் குறைந்தது 8 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டின் துளைப்பு எதிர்ப்பைக் கொண்டிருக்க வேண்டும். முனைத்தகடுகளின் கீழ் மூன்றிலொரு பகுதிக்கு 19 மில்லிமீட்டர். தண்டவாளமும் போகியும் இடிப்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தானே. வலுவான எஃகைப் பயன்படுத்தினால் தடிமனைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் வலுவின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மட்டுமே. வலு நான்கு மடங்கானால் தடிமன் பாதியாகலாம்.

தடிமனை மட்டும் பார்த்து நிம்மதி கொள்ளவும் கூடாது. டேங்குக்குள் டீசல் அலையடிக்காமல் இருக்க, துளைகள் போட்ட குறுக்குத் தகடுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். இவை வலுச்சேர்ப்பவை என்று பொதுவாக நினைக்கிறோம். அடி வாங்கும் இடம் இரண்டு குறுக்குத் தகடுகளுக்கு நடுவே என்றால் வெளித்தகடு உள்வாங்கி, நசுங்கி, கிழியாமல் தப்பிக்கலாம். அடி நேராகக் குறுக்குத் தகட்டின்மேல் விழுந்தால் அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. வெல்டிங் கோட்டின் ஓரத்திலேயே கிழிசல் தொடங்கும். கழித்துக்கட்டிய எஞ்சின்களின் டேங்குகளை இடித்துப் பார்த்த சோதனைகளிலும், குறுக்குத் தகடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நசுங்கும் ஆழம் வெகுவாக மாறியது. ஒரு டேங்கை வாங்கும்போது தகட்டின் தடிமனைக் கேட்பவர்கள், உள்ளே வெல்டிங் எங்கெங்கே வெளித்தகட்டைத் தொடுகிறது என்ற வரைபடத்தையும் கேட்க வேண்டும்.

கழுத்தளவு நிறைந்த டேங்க் இன்னொரு வகையில் ஆபத்து. திரவம் சுருங்காது. மேலே காற்றுக்கு இடமில்லையென்றால் சிறு நசுக்கலே உள்ளழுத்தமாக மாறி, அடிபடாத மூலையில் உள்ள வெல்டிங்கைப் பிளக்கும். நிரப்பும்போது ஐந்து சதவீதம் போல இடம் விடுவதும், தானாக நிற்கும் நாசில் இருப்பதும் சிந்தாமல் இருக்க மட்டும் செய்யப்படும் ஏற்பாடுகள் அல்ல.

பற்றவைப்பது எது

டீசலைத் தேடித் தீ எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. எஞ்சினின் புகைபோக்கிக் குழாய்களும் டர்போவும் முழுச்சுமையில் 500 டிகிரியைத் தொடும். அறுந்த மின்கேபிள்களில் வில்பொறி. பேட்டரிப் பெட்டி நசுங்கினால் குறுக்குச்சுற்று. தேய்ந்துகொண்டே இழுபடும் எஃகின் பொறி. மின்மயமான பாதையென்றால் அறுந்து விழும் 25,000 வோல்ட் கம்பி. பல எஞ்சின்களில் பேட்டரிப் பெட்டி டேங்கின் அருகிலேயே இருப்பது எனக்குப் பிடிக்காத அமைப்பு. ஒரே அடியில் எரிபொருளும் பொறியும் சேர்ந்து விடுதலையாகின்றன.

அவசர எரிபொருள் நிறுத்தப் பொத்தானைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. எஞ்சினின் இரு பக்கத்திலும் ஓட்டுநர் அறையிலும் இருக்கும் சிவப்புப் பொத்தான் அது. அதை அழுத்தினால் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டீசல் நிற்கும். கிழிந்த டேங்கிலிருந்து தரைக்குப் போகும் டீசல் நிற்காது. அழுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் அழுத்த வேண்டியது அதுதான். எஞ்சின் நிற்கும், வால்வுக்கு அப்பால் உடைந்த குழாயில் சூடான பாகங்களின்மேல் பாய்வது நிற்கும். ஆனால் அழுத்திவிட்டதால் கசிவு தீர்ந்தது என்று நம்பி அருகில் நிற்கக் கூடாது. எஞ்சின் உடனே நிற்காமல் வேகம் கூடினால், காற்றிழுப்பில் டீசல் தூவல் உள்ளே போகிறது என்று பொருள். அப்போது எரிபொருளை நிறுத்திப் பயனில்லை, காற்றை அடைக்கும் வசதி இருந்தால் மட்டுமே நிற்கும். ஆட்கள் உடனே விலக வேண்டும்.

டீசல் எஞ்சின் இல்லாத மின்சார ரயிலுக்கு இந்தக் கவலையே இல்லை என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. மின் எஞ்சினின் டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய் இருக்கிறது. பழைய வகைக் கனிம எண்ணெயின் ஃப்ளாஷ் பாயின்ட் 140 டிகிரிக்கு மேல். எஸ்டர் வகை எண்ணெய்கள் 300 டிகிரியைத் தாண்டித்தான் தொடர்ந்து எரியும். டீசலைவிட எவ்வளவோ மேல். ஆனால் தூவலாகச் சிதறி மின்வில்லில் பட்டால் இவையும் எரியும்.

சிந்தியபின் டீசல் எங்கே போகிறது என்பது தரையைப் பொறுத்தது. ஜல்லிப் பாதையில் அது கற்களுக்கிடையே இறங்கிவிடும். மேற்பரப்பு குறையும், தீ மெதுவாக எரியும், ஆனால் அணைத்தபின்னும் அடியிலிருந்து மீண்டும் கிளம்பும். கான்கிரீட் பாதையிலும் பாலத்திலும் நடைமேடை ஓரத்திலும் குட்டையாகப் பரவும். 100 லிட்டர் டீசல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் பரவினால் 33 சதுர மீட்டரை மூடும். பெரிய குட்டை எரியும்போது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மெகாவாட் வெப்பம் வெளிவரும். அந்தக் குட்டை ஒரு நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிடலாம். ஆனால் மேலே நிற்கும் பெட்டியின் ஜன்னல் உடைய அது போதும். கெய்ரோவின் ராம்சேஸ் நிலையத்தில் 2019 பிப்ரவரி 27 அன்று ஓட்டுநர் இல்லாமல் ஓடிய எஞ்சின் ஒன்று பாதை முடிவில் இருந்த தடுப்பில் மோதி, அதன் டீசல் நடைமேடையில் பற்றியது. ரயிலில் ஏறக்கூட இல்லாத இருபதுக்கும் மேற்பட்டோர் அதில் உயிரிழந்தனர்.

அன்றாடம் பார்க்க வேண்டியவை

டேங்கில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் முதலில் உடையும். அளவு பார்க்கும் கண்ணாடிக் குழாய், தண்ணீர் வடிக்கும் குழாய், கீழ்ப்பிளக் ஆகியவை தகட்டின் உள்ளடங்கிய பள்ளத்தில் இருக்கின்றனவா, மேல் தடுப்புச்சட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று வாங்கும் வென்ட் குழாயில், டேங்க் எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் அடைத்துக்கொள்ளும் வால்வு இருக்க வேண்டும். அழுக்கேறி அது ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் குறை. கழற்றிக் கையில் எடுத்து, கவிழ்த்து, அசைவதைக் காதால் கேட்டாலே தெரியும். முனைத்தகடு வெல்டிங்கில் ஈரத்தூசி திட்டாகப் படிந்திருந்தால் அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறது. பசை தடவி அடைப்பது விரிசலை மறைக்கும், நிறுத்தாது. விபத்தின்போது கிழிசல் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும்.

பயணிகள் பெட்டியின் பக்கத்தில் இருந்து பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி தரை எத்தனை நிமிடம் தாங்கும் என்பது. அமெரிக்க விதியில் தரைக்குக் கீழிருந்து வரும் தீயைக் குறைந்தது 15 நிமிடம் தடுக்க வேண்டும். அதற்குள் கதவு திறக்குமா? 1996 பிப்ரவரி 16 அன்று மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் உள்ளூர் ரயில் ஒன்று விரைவு ரயிலின் எஞ்சினோடு மோதியபோது, கிழிந்த டேங்கின் டீசல் உடைந்த முன்பெட்டிக்குள்ளேயே பீய்ச்சியடித்துப் பற்றியது. 11 பேர் இறந்தனர். உள்ளிருந்தபடி பக்கக் கதவைத் திறக்கும் அவசரக் கைப்பிடி எளிதில் எட்டும்படி இல்லை என்று விசாரணை சுட்டிக்காட்டியது. டேங்கை எவ்வளவு தடித்த தகட்டில் செய்தாலும், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு கைப்பிடி இல்லாவிட்டால் அத்தனையும் பாதி வேலைதான்.

டீசல் நாற்றம் வந்தால் சிந்தாத பக்கத்துக் கதவு வழியே இறங்கி, காற்று வரும் திசையை நோக்கி, மேடான பக்கம் போக வேண்டும். உடையில் டீசல் நனைந்திருந்தால் ‘பற்றாது’ என்று விட்டுவிடக் கூடாது. துணி விளக்குத்திரியாக மாறி, தட்டில் பற்றாத டீசலைப் பற்றவைக்கும். அந்த உடையைக் களைந்துவிடுவதே நல்லது.

தீயணைப்பவர்கள் முதலில் உறுதிசெய்ய வேண்டியது மேலே உள்ள மின்கம்பி துண்டிக்கப்பட்டு, இரு பக்கமும் தரையோடு இணைக்கப்பட்டதா என்பது. நுரையும் நீரும் மின்சாரத்தைக் கடத்தும். வெறும் நீரைப் பாய்ச்சினால் டீசல் அதன்மேல் மிதந்து பரவும். நீர் தெளிப்பு பக்கத்து டேங்கைக் குளிர்விக்க மட்டும். படலம் உருவாக்கும் நுரைக்கு வழக்கமான கணக்கு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 4.1 லிட்டர், 15 நிமிடம். 100 சதுர மீட்டர் சிந்தலுக்கு நிமிடத்துக்கு 410 லிட்டர். மூன்று சதவீதக் கலவையென்றால் மொத்தம் சுமார் 185 லிட்டர் நுரைத்திரவமும் 6,000 லிட்டர் நீரும் வேண்டும். சாலையிலிருந்து தொலைவான இடத்தில் இத்தனையும் வந்து சேரும்வரை நுரையைத் தொடங்காமல், உயிர்மீட்பிலும் குளிர்விப்பிலும் கவனம் செலுத்துவதே சரி. பாதியில் தீரும் நுரை வீணாகும் நுரை. தீ இல்லாமல் கசிவு மட்டும் என்றால் சிறு துளையில் மென்மரத்தால் செய்த ஆப்பு, நீண்ட கிழிசலில் களிமண் பசை, கீழே மண்ணால் வரப்பு.

கடைசி ஆபத்து தீ அணைந்து, ஆட்கள் தளர்ந்தபின் வருகிறது. கவிழ்ந்த எஞ்சினைக் கிரேன் தூக்கும்போது உள்ளே மிஞ்சிய டீசல் மறுபக்கம் ஓடி, அடைத்த கிழிசலைத் திறக்கும். ஆகவே முதலில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். நிலைமின்பொறி எழாதபடி பம்பையும் டேங்கையும் செம்புக் கம்பியால் இணைத்த பிறகுதான் குழாயை உள்ளே விட வேண்டும். பிறகு கேஸ் கட்டர் வரும். வாயு அளவி டேங்குக்குள் பூஜ்யம் காட்டும். குளிர்ந்த டீசல் ஆவி விடுவதில்லை என்பதால் காட்டும் பூஜ்யம் அது. கட்டரின் சுடர் தகட்டைச் சூடாக்கியதும், துருவுக்கும் அடிவண்டலுக்கும் அடியில் ஒட்டியிருந்த டீசல் ஆவியாகி, மூடிய இடத்தில் வெடிக்கும். நீராவியால் கழுவி, அடியில் இருப்பதைச் சுரண்டி எடுத்து, நைட்ரஜனோ கரியமில வாயுவோ நிரப்பி, அதன் அளவைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் சுடரில்லாமல் வெட்டும் குளிர்வெட்டு; நேரம் மும்மடங்கு ஆகட்டும், பாதை அதுவரை மூடியே இருக்கட்டும்.